எல்லைக்குள்ள வந்த நீலக் கொட்டாய்

கொஞ்சம் அக்கட்ட தள்ளி உக்காரு கண்ணு. இந்தப் பொட்டிய மடியில வெச்சுக்கறேன். கனமெல்லாம் ஒண்ணுமில்ல, உள்ள ஒரு குத்துவெளக்கு இருக்குது, மிச்சமெல்லாம் காத்தும் காயிதமும்தான். ராத்திரி மவ ஊட்டுல தங்கீட்டு, அங்கிருந்தே கல்யாணத்துக்குப் போறேன். எங்க பங்காளியூட்டுக் கல்யாணம். போனாலும் வயிறெரியும், போகாட்டியும் வயிறெரியும். அது பெரிய பழமை, சொன்னா நீளும், உடு.

கையில பைலு வெச்சிருக்கறயே, நீ எங்க போற? நீலக் கொட்டாய்க்கா? வேலைக்கு இண்டர்வியூவா? அதான பாத்தேன். இந்த பஸ்சுல பைலு வெச்சுட்டு ஏறுனா ஒண்ணு கலெக்டராபீசு, இல்லாட்டி நீலக் கொட்டாய். கலெக்டராபீசுக்குப் போறவங்க மொகம் இத்தன தெளிவா இருக்காது.

கொட்டாயின்னு சொன்னதுக்கு மொறைக்காத. நீங்க குடோனும்பீங்க. போன்ல ஆர்டர் போட்டா ஊடு தேடி சாமான் கொண்டாந்து குடுக்கறானே, அவனுக இந்தியாவுக்கே சாமான் அடுக்கி வெக்கற எடம்னு பெருமையாச் சொல்லுவீங்க. எங்களுக்கு அது நீலக் கொட்டாய்தான். கட்டறப்ப பாதி ஊரு அதக் கோழிப் பண்ணைன்னு நெனச்சுருச்சு. நாத்தம் வருதுன்னு மாராத்தாங்கற பொம்பள தெனமும் மூக்கப் பொத்தீட்டே போவா. உள்ள ஒரு கோழி இல்ல, வெறும் தகரம். அப்பவும் அவளுக்கு நாத்தம் அடிச்சுது. அவ அப்பிடித்தான். கல்யாணத்துல பந்தியில உக்காந்தான்னா சாம்பார்ல...

சரி, உடு. கொட்டாயச் சொல்றேன்.

எட்டாயிரம் பேருக்கு வேலைன்னு பேப்பர்ல போட்டாங்க. கொட்டை எழுத்துல. எங்கூர்ல ஆடு, மாடு, கோழி, டீக்கடை நாயி எல்லாத்தையும் சேத்தாலும் எட்டாயிரம் தேறாது. மிச்ச வேலைய என்ன பண்ணுவாங்களோ, வீணாப் போயிருமோன்னு எங்களுக்கு ஒரே கவலை. தொறப்பு விழாவுக்குப் பெரிய மனுசங்க எல்லாம் கார்ல வந்தாங்க. ரிப்பனோட ரெண்டு முனையையும் புடிச்சுட்டு நிக்கறதுக்கு எங்கூர்ப் புள்ளைக ரெண்டு பேரக் கூப்புட்டாங்க. அதுதான் எங்கூருக்கு மொத வேலைவாய்ப்பு. கத்திரி போட்ட ஒடனே முடிஞ்சுபோச்சு.

அப்பறம் மெதுமெதுவா எடுத்தாங்க, இல்லைங்கல. எல்லாம் காண்ட்ராக்டு. லோகுன்னு ஒருத்தன் காண்ட்ராக்டரு. ஆளெடுக்கறப்ப வாயெல்லாம் தேனு, எடுத்ததுக்கு அப்பறம் போனெடுக்க மாட்டான். அவன் மூலமாத்தான் என்ற பேரன் கௌசிக்கு உள்ள போனான்.

என்ன வேலைன்னு கேளு. நடக்கறது. நெசமாத்தான் சொல்றேன். கையில ஒரு துப்பாக்கியாட்ட மிசினக் குடுத்தர்றாங்க. அது சொல்ற பக்கம் நடக்கோணும். சோப்பு எடுக்கச் சொல்லும். எடுத்துட்டு நடக்கோணும். அக்கட்ட போயி ஒரு செருப்பு. மறுபடி நட. ஒண்ணுக்குப் போக நின்னாக்கூட கீ கீன்னு கத்துமாமா. இவன் யாரு தெரியுமா கண்ணு? தோப்புல மோட்டார் போட்டுட்டு வாடான்னா, எட்டிக் கை வெச்சா தொடற தூரத்துக்கு பைக்கு எடுத்துட்டுப் போனவன். அவனைக் கொண்டு போயி நடக்க வெச்சுட்டாங்க பாரு, அதுக்கே அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஒரு மாலை போடோணும்.

பதவி பேரு அசோசியேட்டாமா. அதென்னடான்னேன். கூட்டாளின்னு அர்த்தம்னான். மொதலாளிக்கே கூட்டாளியாடான்னேன். அவன் சிரிச்சான். நா சிரிக்கல. கேட்டவங்களுக்கெல்லாம் அப்பிடியேதான் சொன்னேன்.

ஏன் சொன்னேன்னா, பொண்ணுக்காக. இந்தப் பக்கம் காடு தோட்டம் வெச்சிருக்கறவனுக்குப் பொண்ணு கெடைக்காதுன்னு உனக்குத் தெரியாததா? எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்குது, டிராக்டரு இருக்குது, போர்ல தண்ணி இருக்குது. அதச் சொன்னா பொண்ணூட்டுக் காப்பியில சக்கரை கொறைஞ்சு போகுது. ஒரு எடத்துல பொண்ணே நேரா வந்து கேட்டா, உங்க தோப்புக்கு வாரத்துல லீவு உண்டுங்களான்னு. தேங்காய்க்கு ஞாயித்துக்கெழம தெரியுமா கண்ணு? இன்னொரு எடத்துல பொண்ணோட அப்பன், அவனே தோட்டக்காரன், வேட்டியில சேறு காயல, அவன் சொல்றான், எங்க புள்ளைய வெவசாயிக்குக் குடுக்கறதில்லைங்கன்னு. அவம் பொண்டாட்டி உள்ள இருந்து தலையாட்டுறா. நா அந்தம்மாவப் பாத்து, நீ தப்பிக்காமப் போயிட்டயே ஆத்தான்னு நெனச்சுட்டு வந்துட்டேன்.

கொட்டாயில சேந்த மக்யாநாளு, விடிஞ்ச ஒடனே, இவன் கழுத்துல நீலக் கயித்துல ஒரு அட்டை தொங்குச்சு. போட்டோ போட்டது. அவ்வளவுதான், புரோக்கரு தானா ஊட்டுக்கு வந்தான். தாலி கட்டறதுக்குப் பொண்ணு கழுத்தப் பாத்த காலம் போச்சு, இப்ப மாப்பிள்ளை கழுத்தத்தான் பாக்கறாங்க.

குன்னத்தூருப் பக்கத்துல ருக்குமணின்னு ஒருத்தி. அவ பொண்ணு அபிநயா. புள்ள தங்கமாட்ட இருந்துச்சு. ருக்குமணி லேசுப்பட்டவ இல்ல. கொட்டாய நேர்ல பாக்கோணும்னு வந்துட்டா. கேட்டுக்கு எதுக்க நின்னு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தா. பாத்துட்டு, மாப்பிள்ளை எந்தப் பக்கம் உக்காருவாருங்கன்னு என்னையக் கேட்டா.

உள்ள ஒரு நாற்காலி கெடையாது கண்ணு. நின்னா கீ கீங்குது, எங்கிருந்து உக்கார்றது? நா சொன்னேன், "அவரு ஒரு எடத்துல உக்கார மாட்டாருங்க. கொட்டாய் முச்சூடும் அவரு பொறுப்புத்தான்." இதுல பொய்யி என்ன இருக்குது? நடக்கறவனுக்கு முச்சூடும்தான பொறுப்பு.

அவளுக்குக் குளுந்துபோச்சு. தையில கல்யாணம் வெச்சுக்கலாம்னா. போறப்ப ஒண்ணு சொன்னா பாரு, மொகத்துக்கு நேரா: "வேலைய நம்பித்தான் பொண்ணு குடுக்கறம். வேலை இல்லீன்னா இந்தப் பேச்சும் இல்லீங்க." அப்பிடின்னா என்ன? வேலை போச்சுன்னா பொண்ணு போச்சு. அத்தனதான். அன்னீலருந்து எனக்குச் சோறு எறங்கல. காலையில எந்திரிச்சா மொதல்ல அவன் கழுத்துல அட்டை இருக்குதான்னுதான் பாப்பேன்.

ஐப்பசி வந்துச்சு. எங்கூரு மாரியாத்தாளுக்கு ஐப்பசியிலதான் பூச்சாட்டு. உங்கூர்ல எப்பவோ தெரியாது. பூச்சாட்டுனா பூசாரி ஊரச் சுத்தி வந்து எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டு எல்லை கட்டுவாரு. கோயில் மின்னால கம்பம் நடுவாங்க. கம்பத்தப் புடுங்கற வரைக்கும் ஊர்க்காரங்க ஒருத்தரும் எல்லைக்கு வெளிய ராத்தங்கக் கூடாது. பகல்ல எங்க வேண்ணாலும் போலாம், பொழுது சாஞ்சா உள்ள வந்தரோணும். என்ற மாமியாரு ஒருக்கா பிரசவத்துல கெடந்த மவளப் பாக்கப் போயி, பொழுது எறங்குதுன்னு புள்ள மொகத்தக்கூட முழுசாப் பாக்காம ஓடியாந்துட்டாங்களாமா. பொறந்தது பையனா புள்ளையான்னு தெரியாமயே வந்து ஊரெல்லாம் சக்கரை குடுத்தாங்க. அது வேற பழமை.

அதே ஐப்பசியிலதான கம்பெனிக்காரன் தீபாவளித் தள்ளுபடி போடறான். லோகு வந்து சொல்லிட்டான், எல்லாத்துக்கும் நைட்டு டூட்டி, வராதவன் அட்டைய கேட்டுல காட்டுனா பச்சை லைட்டு எரியாது, செவப்புத்தான் எரியும், திரும்பிப் போயிர்லாம்னு. எங்கூர்ப் பசங்க எல்லாரும் திருதிருன்னு முழிக்கறாங்க. கொட்டாய் எங்க எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்குது. இந்தப் பக்கம் நின்னு துப்புனா அந்தப் பக்கம் விழுகும், ஆனா அந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான். ராத்திரி போனா ஆத்தா கண்ணெடுப்பா. போகாட்டி லோகு கண்ணெடுப்பான். எனக்கோ, இந்தப் பக்கம் ஆத்தா, அந்தப் பக்கம் ருக்குமணி.

கோயில்ல கூட்டம் போட்டாங்க. என்ற கொழுந்தனாரு தெய்வசிகாமணிதான் தர்மகர்த்தா. அந்த மனுசன் கூட்டத்துல பேசுனா, பேச ஆரம்பிச்சது என்னத்தப் பத்தின்னு அவருக்கே மறந்து போகும். பொம்பளைங்க பேசற வழக்கம் இல்ல. நா தண்ணிக் கொழாய்க்குப் பக்கத்துல நின்னு பேசுனேன். அது கோயிலுக்கு வெளியதான.

"தம்பி, பூசாரி வருசா வருசம் சுத்தி வந்து பழம் போட்டாத்தான அது எல்லை? இந்த வருசம் சுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும். கொட்டாயையும் சேத்துச் சுத்தீட்டு வந்துட்டா, பசங்க ராத்திரி எங்க இருந்தாலும் எல்லைக்குள்ளதான. பட்டா, சிட்டா, சர்வேயரெல்லாம் தாலுக்கா ஆபீசுக்கு. ஆத்தாளுக்கு எதுக்கு சர்வேயரு?" அப்பிடின்னேன்.

 கூட்டத்துல ஒரே கைதட்டல். கொழுந்தனாரு ஒரு சித்த நேரம் தாடையச் சொறிஞ்சுட்டு, "நங்கை சொல்றது சரிதான்"னாரு. அண்ணன் பொண்டாட்டிய நாங்க நங்கைம்போம். அவரு வாழ்நாள்ல சரிங்கற வார்த்தைய எனக்குச் சொன்னது அன்னிக்குத்தான்.

பூசாரி குப்பாண்டிக்குத்தான் கோவம். அந்தாளுக்குக் காலு வீங்கிக் கெடக்குது. கொட்டாயச் சுத்தறதுக்குள்ள பழனிக்கே நடந்து போயிட்டு வந்தர்லாம்னாரு. போயி கம்பெனியில பேசுனோம். மேனேஜரு ஒரு வடக்கத்திக்காரரு, மல்கோத்ராவோ என்னமோ, எங்கூரு வாயில நொழையல, மல்கோவா சாருன்னு வெச்சுட்டோம். நல்ல மனுசன். கம்பெனி நல்லா இருக்கோணும்னு ஊர்க்காரங்க பூசை போட வந்திருக்கறாங்கன்னு நெனச்சுட்டாரு. நாங்களும் இல்லைன்னு சொல்லல. உள்ள சாமான் தள்ளற பேட்டரி வண்டியவே குடுத்தாரு. குப்பாண்டி கையில வேப்பந்தழை, மடியில எலுமிச்சம்பழம், பேட்டரி வண்டியில உக்காந்து போறாரு, பொறகால மேளம், அதுக்குப் பொறகால மல்கோவா சாரு நெத்தியில திருநீறும் கழுத்துல மாலையுமா நடக்கறாரு. குப்பாண்டி எறங்கறப்ப இந்த வண்டி என்ன வெலை வரும்னு கேட்டாரு.

வீடியோ எடுத்தாங்க. இந்த நல்ல யோசனை யாருதுன்னு மல்கோவா சாரு கேட்டாரு. ஆபீசுல ஒரு புள்ள தமிழ்ல கேட்டு அவருக்குச் சொல்லுச்சு. நா மின்னால போயி நின்னு, "எல்லாம் நாந்தானுங்க. என்ற பேரன் கௌசிக்கு, பேக்கிங்குக்கு சாமான் எடுத்துக் குடுக்கறவன், அவனுக்கு வேலை போயிரக் கூடாதுன்னு நாந்தான் எல்லைய இக்கட்ட இழுத்தேன்"னு நல்லா வெவரமாச் சொன்னேன். அவன் அட்டையில இருந்த நெம்பரக்கூட ஒப்பிச்சேன், எனக்குத்தான் தெனமும் பாத்துப் பாத்து மனப்பாடம் ஆயிருச்சே. அந்தப் புள்ள எல்லாத்தையும் எழுதிக்கிச்சு.

எல்லை கட்டியாச்சு, கம்பம் நட்டாச்சு, பசங்க நைட்டு டூட்டிக்குப் போயிட்டாங்க. நா அன்னிக்குத்தான் வயிறாரச் சோறு தின்னேன்.

மக்யாநாளு காலையில கொழுந்தனாரு டீக்கடையில உக்காந்துட்டு, கொட்டாயிலருந்து ஒரு லாரி வெளிய போறதப் பாத்திருக்கறாரு. பாத்துட்டு டம்ளரக் கீழ வெச்சுட்டாராமா.

அதென்னன்னா கண்ணு, எல்லை கட்டுனா ஆளுக்கு மட்டும் கட்டு இல்ல, பண்டத்துக்கும் கட்டு. உள்ள இருக்கற பண்டம் எதுவும் கம்பம் புடுங்கற வரைக்கும் எல்லையத் தாண்டி வெளிய போகக் கூடாது. வெளிய இருந்து உள்ள வரலாம், எத்தன வேண்ணாலும் வரலாம். ஊருச் செல்வம் ஊருக்குள்ள நிக்கோணும்னு அப்பிடி. எங்க மாமனாரு காலத்துல ஆறுமொகம்னு ஒருத்தன் பூச்சாட்டுக்கு மின்ன நாளு ஒரு எருமைய அசலூர்க்காரனுக்கு வித்துட்டான். வாங்குனவன் ஓட்டீட்டுப் போறதுக்குள்ள எல்லை கட்டியாச்சு. எருமை உள்ள, ஆளு வெளிய. அவன் தெனமும் தீவனக் கட்டத் தூக்கீட்டு வந்து எல்லைக்கல்லுகிட்ட குடுப்பான். தீவனம் உள்ள வரலாமே. ஆனா பாலு வெளிய போகக் கூடாதே. தீவனம் அவனுது, எருமை அவனுது, பாலு மட்டும் ஆறுமொகம் குடிச்சான். நோன்பு முடியறதுக்குள்ள ஆறுமொகத்துக்குத் தொப்பை போட்டுருச்சு.

இத்தன பெரிய வெசயம், கூட்டத்துல ஊரே உக்காந்திருந்துச்சு, ஒருத்தனுக்கு ஞாபகம் வந்துச்சா? இப்ப என்னையச் சொல்றாங்க. நா கொழாய்கிட்ட நின்னவ. உள்ள உக்காந்திருந்தவங்களுக்கு எங்க போச்சு புத்தி?

கொழுந்தனாரும் பெரியவங்க நாலு பேரும் கேட்டு மின்னால நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க. சண்டை இல்ல, சத்தம் இல்ல. கையெடுத்துக் கும்பிட்டுத்தான் நிறுத்துனாங்க. உள்ள வர்ற லாரிக்கு, வாங்க சாமி வாங்கம்பாங்க. வெளிய போற லாரிக்கு, கம்பம் எடுத்ததுக்கு அப்பறம் போலாம் சாமிம்பாங்க. ஊர்ப் பசங்க லாரியில சாமான் ஏத்தவும் மாட்டோம்னு நின்னுட்டாங்க. கொஞ்ச நேரத்துல உள்ள லாரி நிக்க எடமில்ல. அப்பறம் மெயின் ரோட்டுல வரிசை. திருப்பூருக்காரன் பனியன், சிவகாசிக்காரன் காலண்டரு, எங்கியோ ஒருத்தியோட மிக்சி, இன்னொருத்தனோட தீபாவளிச் சட்டை, எல்லாம் மாரியாத்தா காலடியில கெடக்குது. போலீசு வந்துச்சு. எஸ்ஐ எலுமிச்சம்பழம் போட்ட எல்லைகிட்ட வந்ததும் பூட்சக் கழட்டிக் கையில வெச்சுட்டாரு. அவருக்கும் ஊடு வாசல் இருக்குதல்ல? பூட்சோட நின்னு மெரட்டலாம், பூட்சக் கையில வெச்சுட்டு யாரை மெரட்டறது?

கௌசிக்கு ஊட்டுக்கு ஓடியாந்தான். மொகமெல்லாம் வேர்வை.

"அப்பத்தா, உள்ள எல்லாரும் என்னையத்தான் பாக்கறாங்க. நீ போயி அந்த எல்லையக் கொஞ்சம் இக்கட்ட இழுத்து உடு."

"எல்லையென்ன என்ற சேலை முந்தியாடா, இழுத்து இழுத்து உடறதுக்கு? கட்டுனா கட்டுனதுதான்."

"அப்ப எதுக்குக் கட்டுனே?"

"உனக்காகத்தான் கட்டுனேன்."

அவன் தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டான்.

பொழுது சாயற நேரத்துக்கு மல்கோவா சாரு என்ற கொழுந்தனார உள்ள ஆபீசுக்குக் கூட்டீட்டுப் போனாரு. ஏசி போட்டு, காப்பி குடுத்து, பிஸ்கட்டு குடுத்து. நெம்ப நேரம் பேசுனாங்க. வெளிய வந்த மனுசன் நேரா நாற்காலி மேல ஏறி நின்னுட்டாரு. ஆத்தாளுக்குச் சொந்தம் மண்ணுல கால் வெச்ச பண்டம்தான்னாரு. ஆறுமொகத்து எருமை மண்ணுல நின்னுச்சு, அதனால கட்டுப்பட்டுச்சு. கொட்டாய்ச் சாமான் லாரியில வருது, பலகை மேல எறங்குது, அடுக்குல ஏறுது, மறுபடி லாரியில போகுது. எங்கியாச்சும் மண்ணத் தொட்டுச்சா? தொடல. அப்ப அது எல்லைக்குள்ள வரவே இல்லைன்னாரு. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. சட்டியில சுடுதண்ணி வெக்கத் தெரியாத மனுசன், ஏசியில உக்காந்து எந்திரிச்ச ஒடனே என்னமாப் பேசறாரு பாருன்னு.

லாரியெல்லாம் கெளம்பிருச்சு. ஊருல எல்லாரும் ஆத்தா நல்ல வழி காட்டுனான்னு சந்தோசமாக் கும்பிட்டாங்க.

மக்யாநாளு என்ற பேரன் கேட்டுல அட்டையக் காட்டுறான், செவப்பு லைட்டு எரியுது. துடைச்சுட்டுக் காட்டுறான், செவப்பு. அவன் மட்டுமில்ல, சாமான் ஏத்த மாட்டோம்னு நின்ன எங்கூர்ப் பசங்க அத்தன பேருக்கும் செவப்பு. ஒடிசாப் பசங்கள பஸ்சுல எறக்கீட்டு இருக்கறாங்க. லோகு போனெடுக்கல. இத்தனைக்கும் கௌசிக்கு ஏத்த மாட்டேன்னு சொன்னவனே இல்ல, அவன் பாட்டுக்கு நடந்துட்டு இருந்தவன். அவனை மட்டும் தனியாக் கூப்புட்டு, எல்லைய இழுத்தது உங்க ஊட்டு ஆளுதானான்னு கேட்டாங்களாமா. நெம்பரோட வெச்சிருந்தாங்களாமா. எவனோ போட்டுக் குடுத்துட்டான் கண்ணு. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. தெரிஞ்சா அவனைச் சும்மா உட மாட்டேன்.

இதுல கூத்தென்னன்னா, கொழுந்தனாரு பேரன் மிதுனு. நாலெழுத்து எச்சாப் படிச்சுட்டு, கொட்டாய் வேலையா, அந்த மூட்டை தூக்கற வேலைக்கு நாம் போவனான்னு கட்டல்ல கெடந்து போனத் தடவீட்டு இருந்த பையன். அடுத்த வாரம் அவன் கழுத்துல அட்டை. எங்கூட்டாட்ட நீலக் கயிறு இல்ல, தங்கக் கலரு. ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவுல பேசறதுக்கு ஒரு ஆபீசராமா. காண்ட்ராக்டு இல்ல, நேரடி. நாற்காலி உண்டு. நாற்காலி சுத்துதாமா. உள்ளூர் எளைஞருக்கு வேலைன்னு பேப்பர்ல அவன் போட்டோ வந்துச்சு. எட்டாயிரத்துல ஒண்ணக் கண்ணால பாத்துட்டோம். மிச்சத்தையும் ஆத்தா ஒவ்வொண்ணாக் காட்டுவா.

ருக்குமணி போன் பண்ணுனா. சுத்தி வளைக்கல. வேலை இல்லையாமே, அப்ப வேண்டாங்கன்னா. நா சொன்னேன், அம்மிணி, வேலை போனாலும் தோப்பு எங்கியும் போகலயேன்னு. தோப்பப் பாத்துத்தான எங்கப்பன் என்னையக் கட்டிக் குடுத்தான், அந்தப் பாடு எனக்குத் தெரியாதுங்களான்னா. போன வெச்சுட்டேன்.

பங்குனி பொறந்து ஒரு நாளு, கொழுந்தனாரு எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கறாரு, கையில பத்திரிக்கை. மிதுனுக்குக் கல்யாணம். பொண்ணு யாருன்னு பிரிச்சுப் பாத்தேன். குன்னத்தூருப் பக்கம், அபிநயா. ருக்குமணி வந்து நாற்காலியச் சுத்திப் பாத்துட்டுப் போயிருக்கறா. "நங்கை, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க"ன்னாரு. வெச்சுக்கறதுக்கு நீங்க என்னத்த மிச்சம் உட்டீங்கன்னேன். அவருக்குப் புரியல.

அந்தக் கல்யாணந்தான் இன்னிக்கு. அதுக்குத்தான் இந்த வெளக்கு. கௌசிக்கே போன்ல ஆர்டர் போட்டுக் குடுத்தான். இந்தக் கொட்டாயிலருந்துதான் வரோணும், எங்கூட்டுக் கூரையிலருந்து பாத்தாத் தெரியற கொட்டாய். அங்கிருந்து கெளம்பி பெங்களூரு போயி, சேலம் வந்து, கோயமுத்தூரு போயி, அப்பறம் எங்கூட்டுக்கு வந்துச்சு. நா இந்த வயசு வரைக்கும் பெங்களூரு பாக்கல, இந்த வெளக்கு பாத்துருச்சு.

அவனா? இப்ப எளனி விக்கறான் கண்ணு. என்ன கெரகமோ. லாரி வரிசையா நின்ன அன்னிக்கு டிரைவருங்க தாகமா இருக்கறாங்கன்னு தோப்புலருந்து டிராக்டர்ல எளனி கொண்டு போயி எறக்குனான். அதுலயே புடிச்சுட்டான். கொட்டாய் கேட்டுக்கு எதுக்க, பச்சைக் கொடை போட்டு நிக்கறான். மரம் ஏறறதுக்கு ரெண்டு ஆளு வெச்சிருக்கறான், வெட்டிக் குடுக்கறதுக்கு ஒருத்தன், வேலை போன எங்கூர்ப் பசங்கதான். கொட்டாய்க்கு உள்ளயே தெனமும் கட்டிக் கொண்டு போறாங்களாமா. மல்கோவா சாருக்கு மத்தியானம் ஒண்ணு வேணுமாமா. அட்டை போட்டிருந்தப்ப வந்த சம்பளத்துக்கு மேல எச்சா வருது அப்பத்தாங்கறான். சிரிச்சுட்டே வேற திரியறான், பைத்தியக்காரன். நின்னா கேக்கறதுக்கு ஆளில்ல, உக்காந்தா கேக்கறதுக்கு ஆளில்லங்கறான். எனக்குத்தான மானம் போகுது. கழுத்துல ஒரு கயிறு இல்லாம, அரிவாளப் புடிச்சுட்டு ரோட்டுல நிக்கறவனுக்கு எவ பொண்ணு குடுப்பா? அந்த மூணு பசங்களுக்கும் கூலி வேற அழுகறான். உனக்கே ஒரு வேலை இல்ல, ஊருக்கு வேலை குடுக்கறயாடான்னு கேட்டா, அதுக்கும் சிரிக்கறான்.

நா ஒண்ணு கேக்கட்டுமா கண்ணு? தப்பா நெனைக்கப்படாது. நா ஏறுனதுலருந்து பாத்துட்டே வர்றேன். நெத்தியில அளவாப் பொட்டு, குறுக்கப் பேசாமக் கேட்டுக்கற கொணம். இந்தக் காலத்துல யாரு ஒரு கெழவி சொல்றத இத்தன நேரம் கேக்கறா? உனக்கு இன்னிக்கு வேலை கெடைச்சுரும், மொகத்துலயே தெரியுது. நீ என்ன கூட்டம்? நாங்க ஆந்தை கூட்டம். ஒரே கூட்டத்துக்குள்ள நாங்க கட்டிக்க மாட்டோம், நீ அது இல்லைன்னா ஒரு தொந்தரவும் இல்ல. காலையில நீ கேட்டுக்குள்ள போற, அவன் கேட்டுக்கு வெளிய நிக்கறான். சாயங்காலம் ஒட்டுக்கா டிராக்டர்ல ஊட்டுக்கு வந்தர்லாம். பஸ்சுக்கு இப்பிடி இடிபட வேண்டியதில்ல. நைட்டு டூட்டி போட்டாலும் பயமில்ல, பூச்சாட்டு வந்தா மட்டும் நா கொழுந்தனார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி...

என்ன எந்திரிச்சுட்ட? இது கேட்டு இல்ல கண்ணு, இது பெட்ரோல் பங்க்கு. கொட்டாய்க்கு இன்னும் ஒரு ஸ்டாப்பு இருக்குது. நடந்தே போயிக்கறயா? இந்த வெயில்லயா, அத்தன தூரம்?

ஏனுங் கண்டக்டரு, கொஞ்சம் நிறுத்துங்க, புள்ள எறங்குது. பாத்து எறங்கு. கேட்டுக்கு எதுக்க பச்சைக் கொடை, மறந்தராத. எளனி ஒண்ணு வாங்கிக் குடி, காசு குடுக்காத, அப்பத்தா சொன்னாங்கன்னு சொல்லு. அட, இருங்க விசில் ஊதாதீங்க. அம்மிணி, அம்மிணி, உன்ற பேரு என்னன்னு நா கேக்கவே இல்லையே.